டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடிதண்ணி சுத்திகரிப்பு பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஃபில்டர் இருந்தா போதும்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, எந்த ஃபில்டர் எதை நிறுத்தும்னு சொல்லவே இல்ல. இதனாலதான் ஜனங்க டிடிஎஸ் மீட்டர தண்ணியில விட்டு நம்பர் கம்மியா வந்தா சுத்தம்னு நம்பிடறாங்க. அந்த மீட்டர் மின்சாரம் எவ்ளோ கடத்துதுன்னு பாத்து கரைஞ்சிருக்கற உப்பை கணக்கு போடுது, அவ்ளோதான். காலரா கிருமி இருந்தாலும் அதுக்குத் தெரியாது.

மணல் ஃபில்டர் பத்தி நீங்க ஒரு வார்த்தை கூட எழுதாதது எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். மணலுக்கு நடுவுல இருக்கற சந்து பாக்டீரியாவ விட ரொம்பப் பெருசு, சல்லடை கணக்குல பாத்தா கிருமியெல்லாம் சுலபமா கீழ இறங்கிடணும். ஆனா மெதுவா தண்ணி இறங்கற மணல் படுகையில மேலாப்புல கொழகொழன்னு ஒரு படலம் புடிக்கும், அதுல வாழற நுண்ணுயிருங்க வர்ற கிருமிய புடிச்சு தின்னுடும், அடைச்சுக்கிச்சுன்னா மேல் மணல லேசா சுரண்டி எடுத்துட்டு மறுபடி படலம் புடிக்கற வரைக்கும் அந்தத் தண்ணிய குடிக்க விடமாட்டாங்க. 1892ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல காலரா வந்து 8,000 பேருக்கு மேல செத்தாங்க. பக்கத்துல ஒட்டி இருந்த அல்டோனா, ஹாம்பர்க் கழிவு கலந்த அப்புறம் வர்ற அதே எல்பே ஆத்துத் தண்ணிய எடுத்தும் மணல்ல வடிகட்டினதால பெருசா அடி வாங்கல!

கார்பன் ஃபில்டர் வாடையையும் குளோரினையும் இழுத்துக்கும், உப்பை விட்டுடும். குளோரின் போயிட்டதால பழைய கார்ட்ரிஜ்ஜுக்குள்ளயே (மாத்தற வடிகட்டி குழாய்) பாக்டீரியா வளரவும் செய்யும், இதை விளம்பரத்துல யாரு சொல்றா? அல்ட்ரா ஃபில்டர்ங்கற சவ்வுல ஓட்டை சுமாரா 0.01 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), பாக்டீரியா போகாது, உப்பு போயிடும். உப்பை நிறுத்தறது ஆர்ஓ, அதாவது அழுத்தம் குடுத்து தண்ணிய இன்னும் நுண்ணிய சவ்வு வழியா தள்ளறது, அதுக்கு கணிசமா தண்ணி வீணாகும். தண்ணியில உப்பே அதிகமில்லாத வீட்டுக்கு அது எதுக்குன்னே புரியல. யூவி, அதாவது கிருமிய ஒடுக்கற புற ஊதா வெளிச்சம் வேணும்னா முன்னாடியே கலங்கல் போயிருக்கணும், இல்லன்னா வெளிச்சம் கிருமி மேல படாம தூசு மறைச்சிடும்.

அடுத்த தடவ எழுதும்போது எது எதை நிறுத்தும், எதை விடும், கார்ட்ரிஜ்ஜ எப்ப மாத்தணும்னு ஒரு சின்ன கட்டமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகர்