குழாயும் கைப்பிடியும் இங்கேயே வாங்கிக்கொள்வோம்

தருமபுரி

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ, பிரியா, குட்டி மூவரும் நலம்தானே? நீ அனுப்பிய படங்களை அப்பாவுக்கும் ஆயாவுக்கும் காட்டினேன். கறுப்புக் குழாயும் பித்தளை நிறக் கைப்பிடிகளும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. நாம் கட்டும் புது வீட்டுக்கு, கனடாவிலிருந்து ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டு எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தாய். வேண்டாம் கண்ணு, வாங்காதே. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் காரணத்தை எழுதியே அனுப்புகிறேன்.

முதல் காரணம் மரை, குழாயைத் திருகி மாட்டும் புரி. கனடாவில் குழாய்களுக்கு என்பிடி என்கிற அமெரிக்க முறை மரை, நம் ஊரில் பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் முறை. அரை இஞ்சு அளவில் இரண்டுக்குமே ஒரு இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் மாட்டும்போது ஏறுவது போலவே இருக்கும். ஆனால் மரையின் கோணம் அங்கே 60 டிகிரி, இங்கே 55. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த இணைப்பை நம்ப முடியாது என்கிறார் பிளம்பர். சுவருக்குள்ளே கசிந்தால் டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அது போக, உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துபோனால் அதே மாதிரி ஒன்று வாங்க உன்னையே அல்லவா கேட்க வேண்டும்? பென்னாகரம் ரோட்டில் நடந்து போய் ஸ்பேர் வாங்க முடிகிற கம்பெனிச் சாமான் எதுவோ அதுதான் எனக்கு உயர்ந்த சாமான்.

அடுத்தது தண்ணீர். நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது உனக்கு மறந்திருக்கும். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் பாத்ரூம் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்துக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் சல்லடையில் பாதி ஓட்டை அடைத்துவிட்டது, தண்ணீர் நேராக விழாமல் பக்கத்தில் பீய்ச்சுகிறது. அதைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் போட்டு வைத்தால்தான் திறக்கிறது. இந்தத் தண்ணீரில் கறுப்புக் குழாய் வைத்தால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைப் போக்க வேலைக்கு வருபவர்கள் ஆசிட் ஊற்றிவிடுவார்கள், பூச்சு போய்விடும். பித்தளையில் குரோம் பூசியதே நமக்குச் சரி. துடைத்தால் போய்விடும், விடாப்பிடியான கறைக்கு எலுமிச்சை மூடியால் தேய்த்து உடனே கழுவினால் போதும்.

பித்தளை என்று சொல்லி விற்பதிலும் ஏமாற்று உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பளபளவென்று குரோம் ஏற்றி வைத்திருப்பார்கள். கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன், பித்தளைக் குழாய் கனமாகக் கையை இழுக்கிறது, மற்றது வெறும் கூடு மாதிரி இருக்கிறது. படத்தைப் பார்த்து வாங்கினால் இது எப்படித் தெரியும்? ஸ்டீலுக்கும் அப்படித்தான். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் காட்டினார். 304 என்கிற நல்ல ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, அதைவிட மட்டமான 202-லும் ஒட்டாது. பாத்ரூமில் ஈரத்திலேயே கிடக்கும் தண்ணீர் போகிற ஜாலிக்கும் டவல் கம்பிக்கும் 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

மேலிருந்து மழை போலக் கொட்டும் அந்தப் பெரிய ஷவர் பிரியாவுக்கு ஆசை என்று தெரியும். நம்முடையது தரை வீடு, தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நம் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே மூன்று மீட்டர் இருந்தாலே அதிகம். அந்த அகலத்துக்கு அது வடியும், கொட்டாது. பிரஷர் பம்பு வைக்கலாம்தான், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். சின்ன ஷவர் ஒன்று, துவாரங்களில் ரப்பர் முனை வைத்தது, பார்த்து வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு அடைத்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். பிரியாவிடம் நான் சொன்னேன் என்று பக்குவமாகச் சொல்.

சமையலறை சிங்க்கில் இரண்டு குழாய் வரும். ஒன்று போர் தண்ணீருக்கு, இன்னொன்று ஒகேனக்கல் தண்ணீருக்குத் தனித் தொட்டியிலிருந்து. நம் மாவட்டத்தில் நிறைய போர்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே ஜப்பான் கடனுதவியோடு அந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள், 2013-ல் திறந்தார்கள். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. சுண்ணாம்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் குடிக்கிற குழாய் பார்த்தவுடன் வேறாகத் தெரிய வேண்டும். அன்னம் மாதிரி வளைந்த கழுத்துள்ளது அதற்கு, கட்டைக் குழாய் மற்றதற்கு. குட்டி வந்தால்கூட தப்பாகத் திறக்கக் கூடாது.

இப்போது ஆயா. இந்த வீட்டில் எனக்கு மிகப் பெரிய கவலை அவர்களுடைய பாத்ரூம்தான். பென்னாகரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள். விரல்கள் இப்போது முழுசாக மடங்குவதில்லை. சோப்புக் கையோடு உருண்டைக் குமிழைத் திருக முடியாமல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்பப் பார்க்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் வீடு முழுக்க கால் சுற்றில் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய்தான். முழங்கையால் தட்டினாலும் திறக்கும்.

டாய்லெட் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. டவல் கம்பியே போதுமே என்கிறார் மேஸ்திரி. டவல் கம்பி துணியின் கனத்துக்கு, ஆளின் கனத்துக்கு ஆகாது, ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வரும். அதற்கென்றே செய்த கம்பி வாங்கி, அது வரும் இடத்தில் ஹாலோ பிளாக் துளைகளில் கான்கிரீட் போட்டு அடைக்கச் சொல்லியிருக்கிறேன். உயரத்தைப் புத்தகம் பார்த்து வைக்கப் போவதில்லை. ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் கை எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. கதவு வெளிப்பக்கம் திறக்கும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கலாம்.

சமையலறைக் கைப்பிடிக்கு வருகிறேன். நீ அனுப்பியதில் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் என் முந்தானை மாட்டும். ஒருமுறை அப்படி மாட்டி அடுப்பிலிருந்து இறக்கிய குண்டானோடு நின்றால் தெரியும். முனைகள் கதவுக்குள் வளைந்து முடிகிற மாதிரிதான் வேண்டும். கைப்பிடியே இல்லாமல் விளிம்பில் பள்ளம் விடுகிற புதுமாதிரி பற்றிக் கேட்டாயே, களி கிளறிய கையோடு அதைத் திறந்தால் மாவு அந்தப் பள்ளத்தில்தான் போய்க் காயும். துடைக்க விரல் நுழையாது.

கைப்பிடியின் திருகுத் துளைக்குத் துளை 96, 128, 160 மில்லிமீட்டர், இந்த மூன்றில் ஒன்றாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஆசாரி சொன்னார். எல்லாம் 32-ன் மடங்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் ஊரில் மூன்று இஞ்சு கணக்கிலும் வருகிறதாம், அது 76. பத்து வருஷம் கழித்து மாற்ற நினைத்தால் பழைய துளை பல்லை இளிக்கும். டிராயருக்குத்தான் தாராளமாகச் செலவு செய்யப் போகிறேன். கீழ் டிராயரில் பெரிய குண்டானும் இரும்புச் சட்டியும் வைப்போம். டிராயர் ஓடும் சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் எடுப்பேன். கைப்பிடியின் நிறத்தைப் பிரியாவே தேர்ந்தெடுக்கட்டும், அதில் நான் தலையிட மாட்டேன்.

ஒன்று மட்டும் அவசரம். தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டரின் அடிப்பாகம் டைல்ஸ் ஒட்டும் முன்னால் சுவருக்குள் போய்விடும். பின்னால் மேல்பாகத்தை அதே கம்பெனியில்தான் வாங்க முடியும். சுவரில் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்று அதிலேயே கோடு இருக்கிறது. டைல்ஸ் கனத்தையும் சேர்த்துப் பார்த்து வைத்து, பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே பூசுவார்கள். டைல்ஸ் ஒட்டுபவர் திங்கட்கிழமை வருகிறார். நான் பார்த்து வைத்த இரண்டு மாடலையும் அப்பா உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிரியாவும் நீயும் பேசி, சனிக்கிழமை ராத்திரிக்குள் எது என்று சொல்லிவிடுங்கள்.

குளிரில் குட்டியை வெளியே அதிகம் கூட்டிப் போகாதே.

அன்புடன்,
அம்மா