உமாவிடம் நீதான் பேச வேண்டும்

காரைக்குடி

அன்பு வள்ளிக்கு,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி எழுதவில்லை என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. பேத்தி வந்தபிறகு பேனா எடுக்க எங்கேடி நேரம்? தாயும் பிள்ளையும் நலம். சிகப்பி ஆச்சி வந்து குளிப்பாட்டிவிட்டு, அவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள்.

இப்போது என் கவலை. உமாவுக்கு 26 வாரப் பிரசவ லீவு முடியப்போகிறது. குட்டியோடு சென்னைக்குக் கிளம்புகிறாள். அந்த வீட்டை நீதான் பார்த்திருக்கிறாயே. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே சிக்னல், ராத்திரியெல்லாம் பஸ்ஸும் லாரியும் நின்று உறுமும். மாப்பிள்ளைக்குச் சின்ன வயசில் வீசிங் வேறு.

உன் மகன் அனுப்பிய கனடா ஆய்வை இரண்டு தரம் படித்தேன். வான்கூவர், எட்மன்டன், வின்னிபெக், டொரான்டோ பிள்ளைகளைக் கருவிலிருந்தே கவனித்துவருகிறார்கள். வண்டிப் புகைக்கு அடையாளமாக நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயுவைக் கணக்கிட்டு, ஒரு வயதில் தோலில் குத்தி அலர்ஜி பார்த்திருக்கிறார்கள். புகை கூடின இடத்தில் அலர்ஜியும் கூடியிருக்கிறது. அதுவும் கர்ப்பகாலத்தில் பட்ட புகையைவிட, பிறந்த முதல் வருடம் பட்டதில்தான் தொடர்பு தெரிந்ததாம். அண்ணன் அக்கா இல்லாத, நாய் பூனை வளர்க்காத, காப்பகத்துக்குப் போகாத பிள்ளைகளிடம் அது இன்னும் பலமாம். நம்ம குட்டிக்கு மூன்றும் பொருந்துகிறது வள்ளி! புகைதான் காரணம் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை, எல்லா நாட்டு ஆய்வும் ஒரே குரலில் பேசவுமில்லை. ஆனாலும் முதல் வருடம் திரும்பி வருமா?

மாப்பிள்ளை செல்லில் காற்று மாசு அளவைக் காட்டி "வரம்புக்குள்தான் இருக்கு அத்தை" என்கிறார். அந்த வாயுவுக்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமோ 2021இல் தன் வரம்பை 10ஆக இறக்கிவிட்டது. எனக்கு எப்படி நிம்மதி வரும்?

இங்கே தொட்டிலைத் தெருவை விட்டு உள்ளே தள்ளின இரண்டாங்கட்டில் கட்டியிருக்கிறேன். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிந்தவள், இப்போது அந்த நீளத்தைக் கும்பிடுகிறேன். ரோட்டை விட்டு விலக விலக இந்தப் புகை சீக்கிரமே குறைந்துவிடுகிறது. அவர்களும் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி வீடு பார்க்கட்டும். அதுவரை ரோட்டுப் பக்கத்து அறையை விட்டுவிட்டுப் பின்னறையில் பிள்ளையைப் படுக்கவைக்கட்டும்.

நான் சொன்னால் "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்பாள். நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் போடு. நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
மெய்யம்மை