செல்விக்கு, மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

கடிதமும் கருப்பட்டியும் வந்து சேர்ந்தன. இங்கே மழைக்கு எதுவும் தாங்காது, கருப்பட்டி வரும் வழியிலேயே இளகிவிட்டது. மருமகள் அதை அப்படியே பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். பெரியவன் தானே நகரத்துப் பக்கம் வீடு பார்த்திருக்கிறான். என்னையும் வரச் சொல்லி நச்சரிக்கிறான். குடியை நிறுத்த வைக்கும் வார்டில் வேலை இருக்கும்வரை நான் இந்த கோலிவாடாவை விட்டு நகரப் போவதில்லை.

ஏஜென்ட் கொண்டு வந்த அந்தக் குடி மறக்கும் பொடியைக் கடையில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வைக்காதே. 'நர்ஸ் வேலைக்குப் போனவளுக்கு நாட்டு மருந்து என்றாலே இளக்காரம்' என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. ஏட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்கப்பா கடையில் உன்கூட உட்கார்ந்து திப்பிலிக்கும் அதிமதுரத்துக்கும் பொட்டலம் மடித்தவள் நான். மூலிகைமேல் எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. அந்தப் பாக்கெட்டில் 'சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், அவருக்கே தெரியாது' என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாயே, என் வழக்கெல்லாம் அந்த வரியோடுதான்.

இங்கே லோக்கல் ரயில் பெட்டிகளிலும் அதே வாசகம்தான் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே வசியம் செய்யும் பாபாவின் நம்பரும். படித்துவிட்டு நம்பரைக் குறித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பொம்பளைகள். புருஷனிடம் பேசிப் பேசி அலுத்தவர்கள், பேசினால் அடி வாங்குபவர்கள். பேசாமலே காரியம் முடியும் என்று ஒருவன் சொன்னால் காசை எடுத்து நீட்டத்தான் செய்வார்கள். உள்ளே என்ன வேர், என்ன இலை என்று யாரும் கேட்பதில்லை.

தாராவிக்காரர் ஒருவரை ஒரு ராத்திரி எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். முகமெல்லாம் ரத்தச் சிவப்பு, ஓயாத வாந்தி, பிரஷர் தரைமட்டம். மாரடைப்பு என்று நினைத்துப் பார்த்தார்கள், இல்லை. விடியும் நேரத்தில் அவர் பெண்டாட்டி என்னைத் தனியே கூப்பிட்டு, சாம்பாரில் பொடி கலந்ததைச் சொல்லி அழுதாள். நம்ம பக்கத்துப் பெண்தான், அம்பாசமுத்திரம். அறிகுறியைப் பார்த்து டைசல்ஃபிராமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அது மூலிகையே இல்லை. 1948-இல் டென்மார்க்காரர்கள் குடிக்கு மருந்தாக அறிவித்த மாத்திரை. சாராயம் உடம்பில் செரிக்கும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்று ஒரு நஞ்சு உண்டாகும். மாத்திரை அதை மேற்கொண்டு உடையவிடாது, குடித்தவருக்கு உயிர் போய் உயிர் வரும். நாங்களும் அதைக் கொடுக்கிறோம். ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, 'இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் இன்னது ஆகும், நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம்வரை பயம் உண்டு' என்று ஆளிடமே சொல்லி, அவர் சம்மதித்தால்தான். இப்படிப்பட்ட பொடிகளில் ரகசியமாக இந்த மாத்திரையைச் சேர்ப்பவர்களும் உண்டு.

அவர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லையாம், அவள் மோந்து கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லையாம். வடாபாவ்தான் மூன்று வேளையும். குடியும் நிற்கவில்லை.

நிஜமாகவே குடி நின்றாலும் ஆபத்து இருக்கிறது. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள் கழித்து, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கொல்ல வருகிறான் என்று அலற ஆரம்பிக்கலாம். பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிரையே எடுத்துவிடும் அது. வார்டில் நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து அளவைப் படிப்படியாகக் குறைப்போம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி, மூளைக்குப் பாதுகாப்பு. இதையெல்லாம் எந்தப் பொடி பார்த்துக்கொள்ளும்?

சரி, உன் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். கீழாநெல்லியை எடுத்துக்கொள். 1988-இல் மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. இதில் கீழாநெல்லிக்கு ஒரு அவமானமும் இல்லை, சோதித்தார்கள், தெரிந்துகொண்டார்கள். எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் அதை வேறு மாதிரி பயன்படுத்துகிறார்கள். காலையில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தாயிற்று, இனி சாயங்காலம் குவார்ட்டர் போடலாமாம்!

ஜெயித்த செடியும் ஒன்று உண்டு. பல்கேரியாவில் லேபர்னம் என்ற மரத்திலிருந்து சைட்டிசின் எடுத்து 1964 முதல் சிகரெட் பழக்கத்தை நிறுத்துவதற்கான மாத்திரையாக விற்கிறார்கள். 2011-இல் போலந்தில் 740 பேரிடம் முறையாகச் சோதித்த முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் கழித்தும் சிகரெட்டைத் தொடாதவர்கள் 8.4 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.4. 'நூற்றுக்கு நூறு' என்கிற உன் ஏஜென்ட்டுக்கு இது அற்பமாகத் தெரியும், எனக்கோ இதுதான் நம்பும்படி இருக்கிறது. அந்த மரமும் சரக்கொன்றை மாதிரி மஞ்சள் சரமாகப் பூக்குமாம். நீ பாட்டுக்குக் கொன்றையைப் பறித்து அரைத்து வைக்காதே, லேபர்னம் வேறு மரம், அது விஷ மரமும்கூட.

மூலிகைக்குக் கெட்ட பெயர் வருவது டாக்டர்களால் மட்டுமில்லை. 2021-இல் மும்பை டாக்டர்கள், கொரோனா பயத்தில் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் உடனே மறுத்தது. எது சீந்தில், எது அதைப்போன்ற வேறு கொடி என்று அப்போது நடந்த வாக்குவாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். காமினி என்று லாரிக்காரர்கள் வாங்கும் லேகிய உருண்டையில் அபினே இருக்கிறது, அதற்கு அடிமையானவர்களை அபின் அடிமைகளாகவே வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. அரிஷ்டத்தில் தானாக ஊறும் சாராயம் 12 சதவீதம்வரை இருக்கலாம். குடியை விட்டவர் வந்து உடம்பு தேற ஏதாவது கேட்டால் அரிஷ்டத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதே.

உன் கடைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்கும் பெண்களை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது, தெரியும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவைச் சொல். 14416 என்று ஒரு நம்பர், டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். துண்டுச் சீட்டில் எழுதி கல்லாவில் வைத்துக்கொள். புருஷன் வர மறுத்தாலும் அவள் மட்டும் போய்ப் பேசலாம். அது நிறையப் பேருக்குத் தெரியாது.

ஏஜென்ட் திரும்ப வந்தால் லைசென்ஸ் நம்பரும், உள்ளே இருக்கும் சரக்குகளின் பட்டியலும் எழுத்தில் கேள். என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுது. கோயில் கொடைக்கு ஊருக்கு வர டிக்கெட் கிடைத்தால் வருகிறேன், வெயிட்டிங் லிஸ்டில்தான் நிற்கிறது.

அன்புடன்,
ராஜம்