கொழும்புக் கணக்கில் மலையகத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக்குள் பாம் (palm) செடி வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த குறிப்பை வாசித்தேன். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அது கொழும்பில் இருப்பவர்களுக்கு எழுதியது. தினமும் தண்ணீர், இலைக்குத் தெளிப்பு என்று அதில் சொன்னபடியே ஹட்டனில் ஒருவர் செய்தால், ஆடி முடிவதற்குள் செடியைத் தூக்கி வெளியே போடவேண்டியதுதான்.

ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் ஆறேழு பாகை குளிர் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்தக் குளிரில் வேர் மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும், மழைக்காலத்தில் சாடி மண் ஒரு வாரமானாலும் காயாது. அதனால் நாள் கணக்குப் பார்க்காமல் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் ஊற்றவேண்டாம். சாடிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகித் தொங்கும், நம் ஆட்கள் அதைப் பார்த்து தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள்! நடுவில் விரியாமல் நிற்கும் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள், அடி கறுத்து நாற்றத்தோடு கையோடு வந்தால் அந்தத் தண்டு முடிந்தது, ஏனென்றால் பாமுக்கு ஒரு தண்டில் ஒரு குருத்துத்தான், பக்கத்தில் கிளை வெடிக்காது.

அதற்காக மலையகம் முழுக்க ஒரே கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது. ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆனால் ஜூன், ஜூலையில் இங்கே விடாத மழை, அங்கே மலை தாண்டி வரும் வறண்ட காற்று. அந்த மாதங்களில் பண்டாரவளை ஜன்னலோரத்தில் இலை நுனி கருகும், இலைக்கு அடியில் செம்பேன் என்ற சிறு பூச்சி வரும், அங்கே இலைக்குத் தண்ணீர் தெளிப்பது சரி.

எந்தப் பாம் என்பதும் முக்கியம். கடைகளில் அதிகம் கிடைப்பது அரேக்கா பாம், மடகாஸ்கரிலிருந்து வந்தது, சூடு கேட்கும் செடி. கண்டியிலும் பதுளையிலும் செழிக்கும். துகள் பனி விழுகிற ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் அதை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் இலை கறுத்துவிடும். மேலே இருப்பவர்கள் கென்டியா, லேடி பாம் மாதிரிக் குளிர் தாங்குவதை வாங்கலாம், வெளிச்சம் குறைந்த அறைக்கு பார்லர் பாம் போதும். விற்பவர் இதையெல்லாம் சொல்லமாட்டார், அவருக்கு வியாபாரம் நடக்கவேண்டும். உயரமாக வளரும் கித்துள் பனையின் கன்றைக் கொண்டுவந்து சாடியில் வைப்பவர்களும் உண்டு, கொஞ்ச நாளைக்கு அழகுதான், அப்புறம் கூரையை இடிக்கும்.

மண் விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று. தேயிலை மலை மண்ணை அப்படியே அள்ளிவந்து சாடியை நிரப்புவது. அது புளிப்பு மண், பாமுக்கு அவ்வளவு ஒத்துவராது. அந்த மண்ணோடு தும்புத்தூளும் ஆற்று மணலும் மக்கிய உரமும் பாதிக்கு மேல் கலந்து, ஒரு பிடி டொலமைட் சுண்ணாம்புத் தூளும் போட்டால் புளிப்பும் குறையும், பழைய இலைகள் மஞ்சளாவதற்கு ஒரு காரணமான மக்னீசியக் குறையும் தீரும். தேயிலைக்குப் போடுகிற யூரியாக் கலவையைச் சாடிக்குள் கொட்டவேண்டாம், வேர் வெந்துபோகும். தேநீர்ச் சக்கையும் வேண்டாம், ஈரம் கட்டி கொசு மாதிரிச் சின்ன ஈக்கள்தான் பெருகும், அதுவும் சீனி போட்ட சக்கை என்றால் எறும்பும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த முறை செடி பற்றிப் போடும்போது எந்த உயரத்துக்கு, எந்தப் பருவத்துக்கு என்று ஒரு வரி சேருங்கள். ஹக்கலை தாவரவியல் பூங்காவில் இதே குளிரில் செடி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் போட்டால் எங்கள் பக்கத்து வாசகர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்