பைப் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஒல்லி போன வாரம் வந்திருந்தான், அதே கட்டம் போட்ட சட்டையில்!

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. மாடியில் திராட்சைப் பந்தலுக்கான சட்டம் நின்றுவிட்டது. 4 மீட்டருக்கு 3 மீட்டர். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் 5 மீட்டர், துளிக்கூடக் கோணல் இல்லை. நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

நீயும் மாடிக் கூரைக்குச் சதுர பைப் வாங்கப் போவதாக ஒல்லி சொன்னான். அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும்.

முதலில் கணக்கு. 6 மீட்டர் பைப்பில் 4 மீட்டர் போனால் மீதி 2 மீட்டரில் ஒரு கால் என்று காகிதத்தில் எழுதிவிடாதே. கட்டிங் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும். கடையிலிருந்து வரும் முனையும் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கோணலாக இருந்தால் அதைச் சீவிவிட்டுத்தான் அளக்கவே தொடங்க வேண்டும். ஒரு காலின் நீளத்தை 1950 மி.மீ. என்று வைத்துக்கொள், நிம்மதி.

அப்புறம் டேப். கொக்கி ஆடுகிறது என்று சுத்தியலால் தட்டி இறுக்கியவன் நீ! அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆடும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டக் கொடுத்தாலும் அளவு சரியாக வருவதற்காகத்தான் அது. புது டேப் ஒன்று வாங்கிவிடு.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்: ஒவ்வொரு துண்டையும் டேப் வைத்து அளக்காதே. நான்கு கால்களை நான்கு தடவை அளந்தால் கோட்டின் தடிமனிலும் கண் பார்க்கும் சாய்விலும் நான்கு அளவு வந்துவிடும். கால்கள் 1950 ஆக இருக்கிறதா 1951 ஆக இருக்கிறதா என்பதைக் கூரை கேட்கப் போவதில்லை. நான்கும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைத்தான் கேட்கும். நீளமான பலகையில் கட்டிங் மெஷினைப் பொருத்தி, வேண்டிய தூரத்தில் ஆங்கிள் துண்டு ஒன்றை கிளாம்ப் போட்டு நிறுத்து, அதுதான் ஸ்டாப்பர். முதல் காலை மட்டும் பார்த்துப் பார்த்து அளந்துகொள். மற்றதெல்லாம் அந்த ஸ்டாப்பரில் முட்டக் கொடுத்து வெட்டினால் போதும். ஒவ்வொரு தடவையும் அங்கே சேரும் தூளைத் துடைத்துவிடு, முந்தைய வெட்டின் பிசிறையும் அரம் போட்டு எடுத்துவிடு. இரண்டில் எது மிஞ்சினாலும் அடுத்த துண்டு குட்டையாகிவிடும்.

இனிச் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பைப்பை இறுக்கியதும் ஸ்டாப்பரை விலக்கிவிட்டுத்தான் வீலை இறக்க வேண்டும். வீலுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே துண்டு மாட்டிக்கொண்டால் வீல் உடைந்து தெறிக்கும். பைப்பின் இரண்டு பக்கத்துக்கும் மெஷின் உயரத்துக்கு முட்டு கொடு, தொங்கினாலும் வீலைக் கவ்வும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதே. உன் அப்பாவின் கண்ணில் பொறி விழுந்த நாளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

வெயிலில் பைப் நீளும் என்று உன் மாமா பயமுறுத்துவார். நீளும்தான். 6 மீட்டருக்கு 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. டேப்பும் இரும்புதான், பக்கத்தில் அதே வெயிலில் கிடந்தால் அதுவும் கூடவே நீளும் என்று அவரிடம் சொல்.

சனிக்கிழமையாகப் பார்த்து பைப்பை இறக்கு. வெள்ளி இரவே பஸ் ஏறிவிடுகிறேன். என் கிளாம்ப்கள் எல்லாவற்றையும் கொண்டு வருகிறேன், மூலைமட்டம் மட்டும் நல்லதாக ஒன்று வாங்கி வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை