முதலில் மேசையைப் போடுங்கள்

சென்னையில் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் விழா நடத்த ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. உங்கள் திட்ட வரைவை என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பொறுமையாகப் படித்தேன். மேடை இருக்கிறது, கதாபாத்திரம் மாதிரி வேஷம் கட்டும் காஸ்பிளே போட்டி இருக்கிறது, டப்பிங் கலைஞரோடு கலந்துரையாடல் இருக்கிறது, ராமென் நூடுல்ஸ் கடைகூட இருக்கிறது. நம்ம ஊரில் மாங்கா என்கிற ஜப்பானிய பாணிப் படக்கதை வரைகிற பிள்ளைகள் தாங்களே அச்சடித்ததை வைத்து விற்பதற்கு மேசை எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், இடம் மிஞ்சினால் ஓவியர்களுக்கு ஒரு மூலை என்று போட்டிருந்தீர்கள். இந்த மடல் அந்த ஒரு வரிக்காகத்தான்.

நான் டோக்கியோவில், நிஷி-கசாயில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி அது. ஷின்-கிபா நிலையம் போய் ரயில் பிடித்தால் பிக் சைட் அரங்கம் கிட்டத்தில்தான். தலைகீழாக நிறுத்திய பிரமிடு மாதிரி கட்டடம், வாசல் பக்கம் மண்ணில் பாதி புதைந்த பிரம்மாண்ட ரம்பச் சிற்பம். ரசிகர்கள் தாங்களே அச்சடித்த புத்தகங்களை விற்கும் காமிக் மார்க்கெட் என்ற விழா ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் அங்கேதான் நடக்கும். எல்லோரும் சுருக்கி கோமிகே என்பார்கள். வந்த புதிதில் கூட வேலை பார்த்தவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த தடவையிலிருந்து யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய கம்பெனிகளுக்கும் அங்கே ஒரு பகுதி உண்டு. ஆனால் அரங்கம் அரங்கமாக நிறைந்திருப்பது மடக்கு மேசைகள். ஒரு நீள மேசையில் பாதி, 90 செ.மீ. அகலம், இரண்டு நாற்காலி. சேர்ந்து புத்தகம் போடும் ஒரு குழுவுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரே வரைந்தவர், அவரே அச்சகத்துக்கு அலைந்தவர், அவரே சில்லறை எண்ணிக் கொடுப்பவர். போகிற போக்கில் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டலாம். பிடிக்கவில்லை என்றால் லேசாகத் தலை குனிந்து, புத்தகத்தை வைத்துவிட்டு நகரலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐந்நூறு யென் காசும் ஆயிரம் யென் தாளும் இல்லாமல் போவது மட்டும் மரியாதை இல்லை. பத்தாயிரம் யென்னை நீட்டினால் அந்தப் பிள்ளை சில்லறைக்கு எங்கே போகும்?

கோமிகே தொடங்கியதே ஒரு சண்டையில்தான். அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய மாங்கா மாநாட்டை விமர்சித்த ரசிகை ஒருவருக்கு அங்கே அனுமதி மறுத்துவிட்டார்கள். அதைக் கண்டித்தவர்களில் சிலர், இனி நம் இடத்தை நாமே போட்டுக்கொள்வோம் என்று 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் ஒரு கூட்ட அறையைப் பிடித்தார்கள். 32 குழுக்கள், 700 பேர் போல. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். 2019 டிசம்பரில் அதே விழாவுக்கு நான்கு நாளில் ஏழரை லட்சம் பேர் வந்து போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நசுங்கினேன். இத்தனை பெரிதான பிறகும் அடிப்படை மாறவில்லை. கோமிகேயில் வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. மேசை போட்டவர், வாங்க வந்தவர், சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் தொண்டர் எல்லோருமே பங்கேற்பாளர்கள் என்பது அவர்கள் எழுதியே வைத்திருக்கும் கொள்கை. 1980 முதல் 2006 வரை இதற்குத் தலைமை தாங்கிய யோஷிஹிரோ யோனேசவா அதை விட்டுக்கொடுத்ததே இல்லை.

கொள்கை என்றால் ஏட்டில் இருக்கும், நடைமுறை வேறாக இருக்கும் என்பதுதானே நம் அனுபவம். அங்கே நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பேர் பெற்ற குழு ஒன்றின் மேசைக்கு முன்னால் வரிசை நீளும். வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் ஒரு அட்டை இருக்கும், வால் இங்கே இருக்கிறது என்று காட்ட. நீங்கள் போய் அவர் பின்னால் நின்றால் அட்டையை உங்களிடம் கொடுத்துவிடுவார். அடுத்தவர் வரும்வரை நீங்கள் பிடிக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. முதல் தடவை என் கையில் அந்த அட்டை வந்தபோது, ஜப்பானியம் சரியாகப் பேச வராத நானும் இந்த விழாவில் ஒரு வேலைக்காரன் ஆகிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண்மணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் சேரும் குழுக்களுக்கு எப்போதும் சுவரோரம்தான் மேசை, ஷட்டருக்குப் பக்கத்தில். வரிசையை அப்படியே வெளியே திருப்பிவிட்டால் நடைபாதை அடைபடாது, நடுவில் இருக்கும் சின்னக் குழுக்களின் மேசையை யாரும் மறைக்கவும் மாட்டார்கள். அரங்க வரைபடம் போடும்போது இதை மட்டும் நினைவில் வையுங்கள். நம்ம ஊரில் பிரபலமான ஆளுக்கு நடு மண்டபத்தில் இடம் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைப்போம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாங்காவே இல்லாத பகுதி. எதையாவது ஒன்றைப் பித்துப் பிடித்து ஆராய்கிறவர்களுக்கு என்று தனி வரிசைகள் உண்டு. அணைக்கட்டு, ரயில் கால அட்டவணை, உடனடி நூடுல்ஸ், கைவிடப்பட்ட சுரங்கம். ஒரு கோடையில் அங்கே அட்டையில் நம் அரசுப் பேருந்தின் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். ஜன்னலோரம் உட்கார்ந்து சென்னையிலிருந்து திருவண்ணாமலை, அங்கிருந்து வேலூர் என்று சுற்றியிருக்கிறார். பின் அடித்த சின்ன புத்தகம். கிழித்த டிக்கெட்டுகளை ஒட்டி நகலெடுத்திருந்தார். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் கிளம்பு என்பதைப் படம் போட்டு விளக்கியிருந்தார். நான் தமிழன் என்று தெரிந்ததும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பேருந்தில் எல்லோரும் தன்னையே முறைத்துப் பார்த்ததாகவும், காரணம் இன்றுவரை பிடிபடவில்லை என்றும் சொன்னார். படத்தில் அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'பெண்கள்'. விஷயத்தைச் சொன்னதும் மனிதர் மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து என்ன என்று கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு அதே மனிதர், திருத்திய பதிப்பு. தான் பெண்கள் இருக்கையில் பயணம் செய்த கதைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, கடைசியில் 'வழியில் வந்த தமிழருக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். எத்தனையோ பெரிய மேடை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறேன். எதுவும் எனக்காக ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் நானும் மனைவியும் ஒரு மேசைக்கு விண்ணப்பம் போட்டோம். இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைத்தது. அவள் நன்றாக வரைவாள். நம்மூர்ப் பெட்டிக்கடையில் என்னென்ன தொங்கும், எந்தெந்த பாட்டிலில் என்ன மிட்டாய் இருக்கும் என்று பக்கம் பக்கமாக வரைந்தாள், நான் விளக்கம் எழுதினேன். அச்சகமே புத்தகக் கட்டை நேராக அரங்கத்துக்கு அனுப்பிவிடும். காலையில் போனால் மேசைக்கு அடியில் பெட்டி காத்திருக்கிறது. கத்தரியால் டேப்பைக் கிழித்ததும் மை வாசனை. அதற்குள் தொண்டர் ஒருவர் வந்து ஒரு பிரதியைப் பக்கம் விடாமல் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். அங்கே விற்கும் ஒவ்வொரு புதுப் புத்தகத்திலும் ஒரு பிரதியை நடத்துபவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். 1991இல் ஆபாசப் புத்தகச் சர்ச்சையின்போது மகுஹாரி மெஸ்ஸே அரங்கம் இவர்களுக்கு இடம் தர மறுத்து, விழாவையே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. சூடுபட்டவர்கள், அதனால் சரிபார்ப்பில் கறார். அந்தப் பிரதிகள் குப்பைக்கும் போவதில்லை. யோனேசவா பெயரில் மெய்ஜி பல்கலைக்கழகம் 2009இல் திறந்த நூலகத்தில் கோமிகேயில் இப்படி வாங்கிய பிரதிகளைப் படிக்க வைக்கிறார்கள்.

விற்பனையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் பெட்டியிலேயே வீடு திரும்பியது. ஆனால் ஒரு பெரியவர் கோலி சோடாப் பக்கத்தைத் திறந்ததும் "அட, ரமுனே!" என்று கத்திய கத்தில் நாங்கள் ஆடிப்போனோம். ஜப்பானிலும் கழுத்தில் கோலி அடைத்த அதே சோடா உண்டு, ரமுனே என்பார்கள். அவர் மூடியில் வரும் பிளாஸ்டிக் குச்சியை வைத்து அழுத்துவது எப்படி என்று எங்களுக்கு நடித்துக் காட்ட, என் மனைவி கட்டைவிரலால் அழுத்துவது எப்படி என்று அவருக்கு நடித்துக் காட்ட, கையில் பாட்டிலே இல்லாமல் இரண்டு பேரும் சோடா உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைப் பெண் தன் புத்தகத்தை எங்களுக்குக் கொடுத்து எங்களுடையதை வாங்கிக்கொண்டாள். அப்படி மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம்.

இப்படிச் சின்ன மேசையிலிருந்து என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று உங்கள் பொருளாளர் கேட்பார். 2002 கோடை கோமிகேயைச் சொல்லுங்கள். ஒரே ஆள் நிரல் எழுதி, வரைந்து, இசையும் அமைத்த தோஹோ கணினி விளையாட்டு வரிசையில் விண்டோஸுக்கான முதல் பாகம் விற்பனைக்கு வந்தது அங்கேதான். பின்னால் அனிமேவாகவும் வந்த ஹிகுராஷி கதை விளையாட்டின் முதல் பாகமும் அதே விழாவில், வேறொரு மேசையில். உங்கள் பிள்ளைகள் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களில் சிலவற்றுக்கு மூலம் இந்த மாதிரி மேசைகள்தான்.

காஸ்பிளேக்கு வருகிறேன். அங்கே வேஷத்தோடு வீட்டிலிருந்து வரக் கூடாது, வேஷத்தோடு திரும்பிப் போகவும் கூடாது. அரங்கத்திலேயே உடை மாற்றும் அறை. படம் எடுக்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். கூட்டம் மிஞ்சினால் எல்லோரும் வட்டமாக நின்று, பத்திலிருந்து கீழே எண்ணி, பூஜ்யம் வந்ததும் கேமராவை இறக்கிவிடுவார்கள். போட்டிப் பரிசுத் தொகையை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், அதற்கு முன்னால் பெண்களுக்குப் பூட்டுப் போட்ட, கண்ணாடி வைத்த, ஃபேன் ஓடும் அறை ஒன்று வேண்டும். முதுகில் இறக்கையோடு ஷேர் ஆட்டோவில் ஏறச் சொல்லாதீர்கள்.

வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் 2013 ஆகஸ்டில் அங்கே அரங்கத்துக்குள்ளேயே மேகம் மாதிரி மூட்டம் கட்டியது. கூட்டத்தின் வியர்வை ஆவிதான். தண்ணீர் கேன் எத்தனை என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டு அதை இரண்டால் பெருக்குங்கள்.

உரிமைச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கோமிகேயில் விற்பதில் பெரும் பகுதி அடுத்தவர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்தவை. பதிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அது அங்கே பல காலமாக வளர்ந்த புரிதல், நமக்கு அது இன்னும் கிடையாது. அதனால் முதல் ஆண்டு சொந்தக் கதை, சொந்தப் பாத்திரங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். வக்கீல் நண்பர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2020இல் வழக்கமான ஆகஸ்டுக்குப் பதிலாக மே மாதம் நடக்க வேண்டியிருந்த கோமிகே கொரோனாவால் ரத்தானது. விழா முழுசாகக் கைவிடப்பட்டது அதுவே முதல் முறை. அதன் பிறகு 2021 டிசம்பர் கடைசியில்தான் மறுபடி கூடினார்கள், ஆள் கணக்கைக் கறாராகக் குறைத்து. காலையில் திறக்கும்போதும் மாலையில் முடிக்கும்போதும் ஒலிபெருக்கி அறிவித்ததும் மொத்த அரங்கமும் கை தட்டும். எந்த மேடையையும் பார்த்து இல்லை, மேடையே கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஒருவருக்கொருவர் தட்டிக்கொள்வது. அந்த டிசம்பரில் முகக்கவசத்தோடு தட்டிய கைதட்டல் நிற்கவே இல்லை. எனக்கு எதிரில் இருந்த இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டே புத்தகத்தை அடுக்கினான். மாலையில் வாங்க வந்தவர்களும் சேர்ந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனோம்.

ஆக, நான் கேட்பது இதுதான். மேடையைப் போடுவதற்கு முன்பே மேசையைப் போடுங்கள். இருபது போதும், வரைபடத்தில் முதலில் அதைக் குறித்துவிட்டு மீதி இடத்தில் மேடையைப் போடுங்கள். கல்லூரிப் பிள்ளை கைச்செலவில் கட்டக்கூடிய வாடகையாக இருக்கட்டும். பெரிய ஸ்பான்சருக்கு வாசல் பக்கம் இடம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தொண்டர்களுக்குச் சாப்பாடு போடுங்கள். ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த எட்டுப் பக்கப் புத்தகத்தோடு ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வந்தால், இது தரமில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

எங்களுக்கும் ஒரு மேசை வேண்டும். குலுக்கலில் போடுங்கள், சிபாரிசு வேண்டாம். கிடைக்காவிட்டால் நாற்காலி தூக்க வருகிறேன். பெட்டிக்கடைப் புத்தகம் இன்னும் அரைப் பெட்டி வீட்டில் இருக்கிறது. தேதியை மட்டும் டிசம்பர் கடைசி வாரத்தில் வைத்துவிடாதீர்கள், அந்த வாரம் நாங்கள் இங்கே வரிசையில் நிற்போம்.

அன்புடன்,
நிஷி-கசாயிலிருந்து ஒரு தமிழன்