முதலில் தண்ணீர், அப்புறம் ஃபில்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோனதும், அம்மா இனி உன்னோடுதான் இருக்கப்போகிறார்கள் என்பதும் படிக்கப் படிக்க நிறைவாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். என் முழங்கால் வலி இப்போது எவ்வளவோ பரவாயில்லை, காலையில் மறுபடி நடக்கப் போகிறேன்.

சரி, வாட்டர் ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கொரு மெஷினைச் சொல்லி உன்னைக் குழப்பியிருக்கிறார்கள். மெஷினை அப்புறம் பார்க்கலாம். உன் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆழ்துளைக் கிணறா, சுத்திகரித்துக் குழாயில் வருவதா, இரண்டும் ஒரே தொட்டியில் விழுகிறதா? இது தெரியாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான். பக்கத்து வீட்டில் அருமையாக வேலை செய்கிற மெஷின் உனக்குத் தேவையே இல்லாமலும் போகலாம்.

விற்க வந்தவர் இரண்டு டம்ளரில் மின்சாரம் பாயும் கம்பிகளை விட்டுக் காட்டினார், நம் வீட்டுத் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கிப்போனது, அவர் கொண்டுவந்த ஆர்ஓ (சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்) தண்ணீர் தெளிவாகவே நின்றது, அம்மா பயந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பழுப்பு உன் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும். அப்படி ஓடும்போது இரும்புக் கம்பி அரித்துத் துருவாக மிதக்கும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, கம்பியும் அரிக்காது. அடுத்த முறை வந்தால், அவர் கொண்டுவரும் தெளிந்த தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல். அதுவும் பழுப்பாகும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டு, பயம் தெளிந்துவிடும். வயதானவர்களை இப்படி மிரட்டி விற்பது சரியே இல்லை.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றியும் கேட்டிருந்தாய். பயனுள்ள கருவிதான், ஆனால் அது சொல்வது ஒரே ஒரு சேதி: கரைந்திருக்கும் உப்புகள் மொத்தமாக எவ்வளவு. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாகச் சுவை நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. கவனி, இது சுவைக்கான கணக்கு. மீட்டரில் 200 காட்டும் தண்ணீரில் கிருமி இருக்கலாம், ஆர்சனிக் என்ற நச்சும் இருக்கலாம். ஆர்சனிக்குக்கு அந்த அமைப்பு வைத்திருக்கும் வரம்பே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். அவ்வளவு சின்ன அளவு அந்த மீட்டரின் கண்ணில் படவே படாது.

அதனால் ஒரு நல்ல ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடு. டிடிஎஸ், கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி, இவ்வளவும் பார்க்கச் சொல். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது. அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, மூடியின் உட்புறத்தில் கை படாமல் மூடி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

உப்பு மிக அதிகம், அல்லது லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 50 மில்லிகிராமையோ தாண்டுகிறது என்று வந்தால், யோசிக்காமல் ஆர்ஓ வாங்கு. ஆர்சனிக் இருந்தால் மட்டும் வாங்குவதற்கு முன் எனக்கு எழுது. அது தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்றை ஆர்ஓ நன்றாகப் பிடித்துவிடும், மற்றது ஓரளவு நழுவிவிடும். ஆர்ஓவின் சவ்வு உருவானதே கடல்நீருக்காகத்தான். 1950களின் கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் அதை வடிவமைத்தார்கள். உப்பே அதிகம் இல்லாத தண்ணீருக்கு அவ்வளவு பெரிய ஆயுதம் எதற்கு? ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டர் வரைகூடக் கழிவாக வெளியே தள்ளும் வீட்டு ஆர்ஓக்கள் உண்டு. உனக்கு ஆர்ஓதான் தேவை என்றானால் அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிப்பறைக்கு என்று வைத்துக்கொள்.

உப்பு அளவாக இருந்து கிருமிதான் கவலை என்றால் யூவி (புற ஊதாக் கதிர் விளக்கால் கிருமியைக் கொல்வது) அல்லது யூஎஃப் (நுண்துளைச் சவ்வால் வடிகட்டுவது) போதும். யூவிக்கு மின்சாரம் வேண்டும், தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் இருந்தால் கிருமிகள் அதன் நிழலில் தப்பிவிடும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதே. வெளிச்சம் தெரிந்தாலும் கிருமியைக் கொல்லும் திறன் குறைந்துகொண்டே வரும், பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். மின்சாரம் அடிக்கடி போகும் என்றால் யூஎஃப் பார். குழாயின் அழுத்தத்திலேயே ஓடும், பாக்டீரியாவை நன்றாக வடிகட்டும், வைரஸில் மட்டும் மாடலுக்கு மாடல் வித்தியாசம் இருக்கும். குளோரின் வாடைக்குக் கரி நிரப்பிய கார்பன் ஃபில்டர்.

கொதிக்கவைத்தால் போதாதா என்று அம்மா கேட்கிறார்களாமே. கிருமிக்கு அது போதும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே ஆயிற்று. ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதில் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

இன்னொன்று. மெஷின் விலையைக் கேட்கிற அதே மூச்சில், ஃபில்டரும் சவ்வும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், என்ன விலை, சர்வீஸுக்கு யார் வருவார்கள் என்றும் கேட்டுவிடு. காலத்தில் மாற்றாத கார்பனில் கிருமிகளே குடியேறிவிடும். அதற்கு மெஷின் இல்லாமலே இருக்கலாம்.

அறிக்கை வந்ததும் படம் எடுத்து அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம். அதுவரை அம்மாவுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரையே கொடு. நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்